மூன்றரைப் பேர் கணக்கு

டூட்டி சார்ட்டில் வரும் சண்டையெல்லாம் ஒரே சண்டை என்றுதான் ஆஸ்பத்திரியில் பலரும் நினைக்கிறார்கள். வார்டு இன்சார்ஜாகப் பல வருஷம் சார்ட் போட்டவள் நான். அது அப்படியில்லை.

ஒரே நாளில் மூன்று பேர் வந்து நிற்பார்கள். “நைட் இறங்கின மறுநாளே மார்னிங்கா சிஸ்டர்?” என்பார் ஒருவர். இது வரிசையில் உள்ள கோளாறு; நானே மாற்றிப் போட்டுச் சரிசெய்துவிடலாம். “தீபாவளின்னா எனக்குத்தான் டூட்டியா?” என்பார் அடுத்தவர். இது நியாயம் பற்றிய கேள்வி. இதற்காகவே பண்டிகை நாள்களில் யார் யார் வேலை பார்த்தார்கள் என்று ஒரு தனி நோட்டில் எழுதிவருவேன். அதைக் காட்டினால் மனம் ஆறும். “ஈவினிங்ல வென்டிலேட்டர் பார்க்கத் தெரிஞ்சவங்க யாருமே இல்லையே” என்பார் மூன்றாமவர். கட்டங்களை எத்தனை முறை கலைத்துப் போட்டாலும் இது தீராது. இன்னும் இரண்டு பேருக்குப் பயிற்சி கொடுத்தால்தான் தீரும்.

பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர்கள் பாட்ரிக் டி கவுஸ்மேக்கரும் கிரீட் வான்டன் பெர்கேயும் 2011இல் நர்ஸ்களின் டூட்டி சார்ட் போடுவதில் வரும் இத்தகைய சிக்கல்களை முறையாகவே வகைபிரித்தார்கள். ஆட்கள் எப்படிப்பட்டவர்கள், வேலை எப்படிப்பட்டது, எதை நல்ல சார்ட் என்கிறோம் என்று மூன்று பகுதிகள். புதிதாகச் சேர்ந்தவருக்குத் துணையாக அனுபவசாலி ஒருவரைப் போடுவதற்கும் அதில் தனி அடையாளம் உண்டு. நாங்கள் கைப்பழக்கத்தில் செய்துவந்ததை ஒரு கணினி ஆய்வு இவ்வளவு மதித்திருக்கிறதே என்று படித்தபோது நெஞ்சு நிறைந்தது.

ஆனால், மேலே உட்கார்ந்திருப்பவர்கள் பார்க்க மறுப்பது ஆள் பற்றாக்குறையைத்தான். ஒரு இடத்தை வாரம் முழுக்க மூன்று ஷிப்டும் நிரப்ப 21 டூட்டி வேண்டும். வார ஆஃப் போக ஒருவர் பார்ப்பது 6 டூட்டி. ஆக, ஒரு இடத்துக்கே மூன்றரைப் பேர் வேண்டும். அதுவும் யாரும் லீவு எடுக்காவிட்டால். காய்ச்சல், பிரசவ விடுப்பு, வீட்டில் ஒரு சாவு என்று வந்தால் அதுவும் போதாது. இதை எந்தச் சார்ட்டாலும், எந்த சாஃப்ட்வேராலும் சரிக்கட்ட முடியாது. குறைகிற ஷிப்டை யாரோ ஒரு நர்ஸ்தான் தன் தூக்கத்தைக் கொடுத்து ஈடுகட்டுகிறார்.

நிர்வாகத்தில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: சார்ட் போடும் சிஸ்டரிடம் “அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்று சொல்லும் முன் உங்கள் வார்டுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆள் குறைந்தால் ஆளைத் தாருங்கள்.