குடிக்காதவர்களின் ஈரல்

எங்கள் ஊரில் யாருக்காவது ஈரல் வருத்தம் என்றால் சனம் முதலில் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். ஈரல் பழுதானால் அது குடியால்தான் என்பது எல்லோர் மனதிலும் பதிந்த எண்ணம். அதனால்தான் ஸ்கான் அறிக்கையில் 'ஈரலில் கொழுப்பு' என்று வந்ததை உம்மா சாச்சியிடம்கூடச் சொல்லவில்லை. "கேள்விப்பட்டா சனம் என்னண்டு நினைக்கும்?" என்றார்.

உண்மையில் அது உம்மாவின் சீனி வருத்தத்துக்குச் சொந்தக்காரன். கணையம் சுரக்கும் இன்சுலின், இரத்தத்திலுள்ள சீனியைத் தசைகளுக்குள் அனுப்புகிறது. கொழுப்பைக் கொழுப்புக் கலங்களிலேயே தங்கவைக்கிறது. கலங்கள் அதன் சொல்லைக் கேட்காமல் விடுவதே இன்சுலின் எதிர்ப்பு. அப்போது கொழுப்புக் கலங்களிலிருந்து கசியும் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்கிறது. கணையமோ இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. அது மிஞ்சிய சீனியையும் கொழுப்பாக்கும்படி ஈரலைத் தூண்டுகிறது. விசித்திரம் என்னவென்றால், 'சீனியை வெளியே விடாதே' என்ற கட்டளையை மட்டும் அந்த ஈரல் சரியாகக் கேட்பதில்லை. இரவெல்லாம் சீனியை விட்டுக்கொண்டிருக்கும். "ராவைக்கு ஒண்டும் தின்னல்லியே, காலையில எப்பிடிச் சீனி ஏறுது?" என்று உம்மா அடிக்கடி கேட்பதற்கு இதுதான் பதில்.

களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் 2007இல் ராகமையில் 35 முதல் 64 வயது வரையான ஏறத்தாழ 3,000 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் மூவருக்கு ஒருவர் என்ற அளவில், மதுவால் வராத கொழுப்பு ஈரல் இருந்தது. சில வருடங்கள் கழித்துப் பார்த்தபோது, அவர்களிடையே புதிதாக நீரிழிவு வந்தவர்களும் மற்றவர்களைவிட அதிகம். சீனி ஈரலைக் கெடுக்கும், ஈரல் சீனியைக் கூட்டும்.

2023இல் சர்வதேச ஈரல் வைத்தியச் சங்கங்கள் இந்த நோயின் ஆங்கிலப் பெயரையே மாற்றின. பழைய பெயரிலிருந்த 'மது', 'கொழுப்பு' என்ற சொற்கள் நோயாளியைக் கூசவைத்ததும் அதற்கொரு காரணம். நான் சொன்னதில் உம்மாவுக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான். அன்றே சாச்சிக்கு அழைப்பெடுத்தார்.

உடல் நிறையில் 7 முதல் 10 வீதம் குறைந்தால் ஈரல் நன்றாகத் தேறும் என்றார் டொக்டர். தேத்தண்ணியில் சீனி நின்றது, இரவுச் சோறு பாதியானது. நடைதான் சிக்கல். ஆண்கள் நினைத்த நேரம் கடற்கரையில் நடக்கலாம், பெண்கள் நடந்தால் "எங்க போறீங்க?" என்று நாலு பேர் கேட்பார்கள். இப்போது சுபஹுத் தொழுதுவிட்டு உம்மாவும் சாச்சியும் கடற்கரைப்பள்ளிப் பக்கம் நடக்கிறார்கள். போன கிழமை பக்கத்து வீட்டு மாமியும் சேர்ந்துகொண்டார். அவருக்குச் சீனி இல்லை. ஈரலில் கொழுப்பு மட்டும் இருக்கிறதாம்.