மதிப்பீட்டுத் தாளுக்கு ஓர் உரை

பழைய காருக்குப் பட்டறையில் எழுதித் தரும் எஸ்டிமேட்டும் ஒரு பிரதிதான். அதற்கும் மூலம் உண்டு, உரை உண்டு, பாடபேதம் உண்டு. பல ஆண்டுகளாக உரையாசிரியர்களைப் பாடம் நடத்திவருபவனுக்கு இப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. சென்ற ஆண்டு தை மாதத்தில் எனக்குக் கிடைத்த தாளின் கடைசி வரியில் 38,400 ரூபாய் என்றிருந்தது.

காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2008இல் அப்பா வாங்கிய மாருதி 800. அந்த வண்டியின் உற்பத்தியையே 2014 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். அப்பாவும் இப்போது இல்லை. வண்டி படவேட்டில் அம்மாவோடு இருக்கிறது. சம்புவராயர்கள் தலைநகராகக் கொண்டிருந்த படைவீடு இன்று ஜவ்வாது மலையடிவாரத்தில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே அமைதியாகக் கிடக்கிற ஊர். இரவு ஒன்பது மணிக்கு மேல் அம்மாவுக்கு நெஞ்சு படபடத்தால் வேலூருக்குப் போக வீட்டு வாசலில் ஒரு வண்டி நிற்க வேண்டும். அடுத்த வீட்டுச் சித்தப்பா மகன் ஓட்டுவான். மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குப் போய்வருவதைத் தவிர, ரேணுகாம்பாள் கோயிலும் சந்தவாசல் கடைத்தெருவும்தான் அதன் உலகம்.

பதினைந்து ஆண்டு முடிந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2023இல் அதைக் கட்டினேன். "இந்த வண்டிக்கா?" என்று கேட்டவர்கள் உண்டு. விற்றால் ஐம்பதாயிரம் தேறாது என்பது உண்மை. ஆனால் விற்ற ஐம்பதாயிரத்தில் இரவு ஒன்பது மணிக்கு வேலூர் போக முடியாதே!

நோய் இதுதான். கண்ணமங்கலம் கடைத்தெரு நெரிசலில் ஊர்ந்தால் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொடும். நெரிசல் கழிந்து திறந்த சாலையில் வேகமெடுத்தால் தானே இறங்கிவிடும். வேலூரில் ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில் காட்டினேன். மேற்பார்வையாளர் பானெட்டைத் திறந்து, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதன் உட்புறத்தைக் காட்டினார். மோரில் மஞ்சள் கலந்தது போல் ஏதோ படிந்திருந்தது. "பாத்தீங்களா சார், ஆயில்ல தண்ணி கலக்குது. ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு. இன்ஜினை இறக்கணும். எப்படியும் இறக்கறோம், கிளட்சும் மாத்திடலாம்."

ஹெட் கேஸ்கெட் என்பது இன்ஜினின் உடலுக்கும் தலைக்கும் இடையே அழுந்திக் கிடக்கும் ஒரு தகடு. நெருப்பும் எண்ணெயும் தண்ணீரும் ஒன்றோடொன்று சேராமல் பிரித்து வைப்பது அதுதான். அது போனால் மூன்றும் கலக்கும். ஆகவே அவர் சொன்னதில் தர்க்கம் இருந்தது. ஓர் அடையாளத்தைக் காட்டி, அதிலிருந்து ஒரு முடிவுக்குப் போனார். நம் நச்சினார்க்கினியர் எங்கோ கிடக்கும் சொல்லை மாட்டு என்று கொண்டுவந்து வேறெங்கோ பொருத்திப் பொருள் சொல்வார் அல்லவா, அந்த வகை. பொருள் அழகாகவே அமைந்துவிடும். இடையில் உள்ள சொற்கள் அதற்கு ஒத்துழைக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

என் வண்டியில் இடையில் இருந்த சொற்கள் ஒத்துழைக்கவில்லை. கேஸ்கெட் போயிருந்தால் திறந்த சாலையில் வேகமாகப் போகும்போது முள் ஏன் இறங்குகிறது? ரேடியேட்டர் தண்ணீர் ஏன் குறையவில்லை? இரண்டையும் கேட்டேன். "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்றார். தாளில் கேஸ்கெட் செட், ஹெட்டைச் சமன்படுத்தும் லேத் வேலை, டைமிங் பெல்ட், கிளட்ச், ஆயில், கூலண்ட், கூலி என்று எல்லாம் இருந்தன. 'இதர' என்று 2,500ம் இருந்தது. (இந்த 'இதர' நம் பல்கலைக்கழகப் பட்ஜெட்டுகளிலும் வரும், அங்கும் யாரும் உரை எழுதியதில்லை.) ஒரே ஒரு வரி இல்லை. கேஸ்கெட் ஏன் போயிற்று என்பதற்கான வரி.

மருந்து அதிகாரத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர்களுக்குச் சொல்வேன், நோய்க்கும் அதன் முதலுக்கும் நடுவே வள்ளுவர் ஓர் இடைவெளி வைத்திருக்கிறார் என்று. அலுமினிய ஹெட் கொண்ட இந்த இன்ஜினில் கேஸ்கெட் போவது பெரும்பாலும் சூட்டின் விளைவு. சூட்டுக்குக் காரணம் வேறெங்கோ இருக்கும். அதைச் சரிசெய்யாமல் புதுக் கேஸ்கெட் போட்டால், சில மாதத்தில் அதுவும் கருகும்.

1974இல் வெளிவந்த ராபர்ட் பிர்சிக்கின் ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்பும் பற்றிய நூலை வாசித்தவர்களுக்கு ஓரிடம் நினைவிருக்கும். பட்டறைக்காரர்கள் அவருடைய வண்டியை மறுபடியும் மறுபடியும் பிரித்துக் குதறுகிறார்கள். கடைசியில் பார்த்தால் எண்ணெய் போகும் பாதையில் இருபத்தைந்து சென்ட் விலையுள்ள ஒரு சின்ன ஊசி முறிந்திருக்கிறது. பொருளியலாளர்கள் டார்பியும் கர்னியும் 1973இல் இதே சிக்கலைத் தங்கள் மொழியில் எழுதினார்கள்: பழுது என்ன என்று சொல்பவரே அதற்கான சேவையையும் விற்கிறார், விற்ற பிறகும் அது தேவைப்பட்டதா என்று வாங்கியவருக்குத் தெரியாது. மருத்துவருக்கும் இது பொருந்தும் என்பதை அம்மாவை அழைத்துக்கொண்டு போகும் ஒவ்வொரு மாதமும் நினைத்துக்கொள்வேன்.

சந்தவாசலில் அப்பாவின் காலத்திலிருந்து வண்டி பார்க்கும் ஒருவர் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். தகர ஷெட். போனதும் முதலில் ஒன்று சொன்னேன்: "அண்ணா, என்ன கோளாறுன்னு மட்டும் பாத்து சொல்லுங்க. அதுக்குத் தனியா காசு குடுத்துடறேன். வேலை அப்புறம்." சோதனையையும் சிகிச்சையையும் இப்படிப் பிரித்துவிட்டால் பேச்சு எளிதாகிவிடுகிறது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "வாத்தியார் புள்ளதானே" என்று சிரித்தார்.

ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். எண்ணெய் தெளிவாக இருந்தது. மூடியில் மட்டும் படிவு. "ரெண்டு கிலோமீட்டர் ஓட்டி ஓட்டி நிறுத்தினா, இந்தப் பனியில உள்ள ஈரம் மூடியில தங்கும் தம்பி. ஆயில்ல கலந்திருந்தா குச்சியிலயும் காட்டணும்." ஆறிய ரேடியேட்டரின் மூடியைத் திறந்துவைத்து இன்ஜினை ஓடவிட்டார். குமிழி வரவில்லை. புகைபோக்கியில் வெள்ளைப் புகை இல்லை. மூன்று சிலிண்டர்களுக்கும் கம்ப்ரஷன் பார்த்தார், மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகவே நின்றன. மூடியைப் போட்டு நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டார். முள் ஏறியது. ரேடியேட்டர் மின்விசிறி சுற்றவில்லை. பேட்டரியிலிருந்து நேரடியாக ஒயர் கொடுத்தார். அப்போதும் இல்லை. ஸ்பேனரின் பிடியால் மோட்டாரை லேசாகத் தட்டினார். விழித்துக்கொண்டதுபோல் சுற்றியது.

"கார்பன் தேஞ்சிருக்கு. மோட்டார் மாத்தணும்."

ஓடும்போது காற்று தானே ரேடியேட்டருக்குள் புகுகிறது, நிற்கும்போது விசிறிதான் காற்று. முள் இறங்கிய காரணம் அத்தனை எளிது. இத்தனை சோதனைக்கு ஒரு மணி நேரமும் 300 ரூபாயும் ஆயின. ஃபேன் மோட்டார் கூலியோடு 2,800. பழைய மோட்டாரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் கேட்காமலே எடுத்துத்தான் வைத்திருந்தார். கிளட்சைப் பற்றிக் கேட்டபோது, "பெடலு நல்லாத்தானே இருக்கு? அதுவுமில்லாம, ஹெட் கழட்ட இன்ஜினை எதுக்கு இறக்கணும்?" என்றார்.

இதை வைத்து வேலூர்க்காரர் ஏமாற்றுக்காரர் என்று எழுதிவிடலாம், சுவையாகவும் இருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாடகையும் பத்துப் பேர் சம்பளமும் உள்ள இடத்தில் ஒரு மணி நேரம் பார்த்து 300 ரூபாய் வாங்க முடியாது. எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் வண்டி திரும்பி வராது என்கிற பாதுகாப்பும் அவருக்குத் தேவை. இன்னொன்றும் உண்டு. சிறிய பட்டறை என்பதாலேயே ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவதில்லை. "ஒண்ணுமில்ல, ஓட்டுங்க" என்று ஒருவர் சொல்லி, உண்மையிலேயே கேஸ்கெட் போயிருந்தால், சூட்டில் ஹெட் வளைந்து 38,400க்கு மேலும் செலவாகியிருக்கும், அதுவும் இரவில் நடுவழியில் அம்மாவோடு. ஆகவே மலிவான விடையை நம்பவும் சோதனை வேண்டியிருந்தது. சந்தவாசல்காரரை நான் நம்பியதற்கு 2,800 காரணமல்ல. எது நடந்தால் தன் முடிவு தவறாகும் என்பதை ஒவ்வொரு அடியிலும் அவர் என் கண்ணுக்கு முன்னே சோதித்துக் காட்டினார்.

ஆடி வெள்ளியன்று ரேணுகாம்பாள் கோயில் கூட்டத்தில் வண்டி நெடுநேரம் நின்றும் நகர்ந்தும் போயிற்று. அம்மா பின்னால் கைவிசிறியோடு உட்கார்ந்திருந்தார். முள் பாதியில் நின்றது. விசிறி ஓடும் சத்தம் உள்ளே கேட்டது. ரேடியேட்டரை அடுத்த கோடைக்குள் மாற்ற வேண்டியிருக்கும் என்று பட்டறைக்காரர் சொல்லியிருக்கிறார். எந்த அடையாளத்தை வைத்து அப்படிச் சொல்கிறார் என்று இன்னும் கேட்கவில்லை. அடுத்த முறை போகும்போது கேட்க வேண்டும்.