பதினாறில் ஒரு வீடு

மூன்றும் பெண்ணாய்ப் பிறந்த வீட்டில் தாய் மீண்டும் கருவுற்றால், "இம்முறை ஆண்தான்" என்று உற்றார் உறுதி கூறுவதை நாம் கேட்டிருக்கிறோம். நான்காவதும் பெண்ணாகிவிட்டால், அதே நாவுகள் அத்தாயைப் பழிப்பதையும் கேட்டிருக்கிறோம்.

கணக்கு கூறுவது என்ன? பூவா தலையா போடுவதைப் போலவே, ஆணோ பெண்ணோ பிறப்பதும் ஏறத்தாழச் சரிபாதி வாய்ப்பே. 100 பெண்மகவுக்குச் சுமார் 105 ஆண்மகவு பிறப்பதுண்டு. எளிமை கருதி அச்சிறு வேறுபாட்டை விட்டுவிடுவோம். ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகள் அனைத்தும் நிகழும் வாய்ப்பை அறிய, தனித்தனி வாய்ப்புகளைப் பெருக்க வேண்டும். நான்கு அரைகளைப் பெருக்கினால் 16இல் 1. எனவே நான்கு பிள்ளைகள் பெற்ற 1,600 குடும்பங்களில் ஏறத்தாழ 100 வீடுகளில் நால்வரும் பெண்களே. எஞ்சிய 1,500 வீடுகளில் ஓர் ஆணேனும் இருப்பான்.

ஆயினும், மூன்று பெண்கள் பிறந்துவிட்ட வீட்டுக்கு இக்கணக்குப் பொருந்தாது. அங்கே எஞ்சியிருப்பது ஒரே பிறப்பு; அதன் வாய்ப்பு மீண்டும் சரிபாதி. நாணயம் முன்விழுந்ததை நினைவில் கொள்வதில்லை; கருப்பையும் அவ்வாறே. மேலும், பாலை முடிவுசெய்யும் குரோமோசோம் தந்தையின் உயிரணு வழியாகவே வருகிறது. தாயைப் பழிக்க இடமேது?

கருவின் பாலை வெளியிடுவதை 1994ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் தடைசெய்தது. நம் நாவைத் தடுக்கச் சட்டமில்லை. அந்த நூறு வீடுகளுள் ஒன்று நம் அண்டை வீடாயிருக்கலாம். அங்கே செல்லும்போது, ஆறுதல் மொழிகளை வாசலிலேயே விட்டுவிட்டு, குழந்தையைக் கையிலேந்தி வாழ்த்துவோம்.