வண்டி வீட்டின் விளக்கும் மின்தடைக் கணக்கும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், குவார்ட்ஸைட் என்னும் சிற்றூருக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் லா போசா பாலைநிலத்தில், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, அனுமதிச் சீட்டு பெற்றவர்கள் தம் வண்டி வீடுகளோடு தங்கலாம். டிராவல் டிரெய்லர் எனப்படும் இவ்வண்டி, படுக்கையும் சமையலிடமும் கொண்டு, காரின் அல்லது சிறு லாரியின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லப்படுவது. வடமாநிலப் பனிக்குத் தப்பி வரும் ஓய்வுபெற்றோர் நிறைந்த இந்நிலத்தில் மின் இணைப்பு கிடையாது என்பதாலும், இரவு அமைதி நேரத்தில் ஜெனரேட்டரை ஓட்டக் கூடாது என்பதாலும், பொழுது சாய்ந்தபின் எரியும் ஒவ்வொரு விளக்கும் வண்டியின் 12 வோல்ட் பேட்டரியையே நம்பியிருக்கிறது. பழைய விளக்குகளைத் தம் கையாலேயே எல்.இ.டி.க்கு மாற்றிக்கொள்ளும் வேலையில் இவர்கள் இறங்குவதற்குச் சுற்றுச்சூழல் பற்றைவிட இந்த நெருக்கடியே முதற்காரணம் எனலாம்.

நெருக்கடியின் அளவை எளிய கணக்கில் காணலாம். பழைய வண்டிகளில் பொருத்தப்பட்ட 1141 என்னும் எண்ணுடைய குண்டு பல்பு ஏறத்தாழ 1.4 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுப்பதால், நான்கு பல்புகள் நான்கு மணி நேரம் எரிந்தால் 22 ஆம்பியர்-மணிக்கு மேல் செலவாகும். 80 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஈய-அமில பேட்டரியையோ, அதன் ஆயுள் குன்றாதிருக்க, பாதிக்குக் கீழே இறக்கலாகாது. ஆக, ஓரிரவு வெளிச்சமே கையிருப்பில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். பல்பு ஒன்றுக்கு 0.2 ஆம்பியர் இழுக்கும் எல்.இ.டி. தொகுதியில் அதே செலவு 3.2 ஆம்பியர்-மணியாகச் சுருங்குகிறது.

வேலை பழைய பல்பிலிருந்தே தொடங்குகிறது. துணியில் சுற்றிக் கண்ணாடியை உடைத்தெடுத்தபின் எஞ்சும் பித்தளை அடிப்பகுதி, தமிழக வீடுகளில் பழகிய பின் வகைப் பல்பைப் போல அழுத்தித் திருகிப் பூட்டப்படுவது. அதன்மேல் சிறு பலகையில் எல்.இ.டி.களைச் சால்டர் செய்து அமர்த்தினால், விளக்குக் கூட்டை மாற்றாமலே புதிய விளக்கு கிடைத்துவிடுகிறது. குண்டு பல்புக்கு மின்சாரம் எத்திசையில் பாய்ந்தாலும் ஒன்றுதான், எல்.இ.டி.யோ ஒரு திசையில்தான் எரியும். மேலும், இவ்வண்டிகளின் 12 வோல்ட் இணைப்பில் கறுப்புக் கம்பி நேர்முனையாகவும் வெள்ளைக் கம்பி எதிர்முனையாகவும் அமைவது வழக்கமாதலால், கறுப்பை எதிர்முனை என்று கொள்ளும் கார் வேலைப் பழக்கமுள்ளவர்கள் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் கம்பியைத் தொடுவதில்லை.

கைத்திறனுக்கு உண்மையான சோதனை மின்தடையைத் தேர்வதில் இருக்கிறது. வெள்ளை எல்.இ.டி. ஒன்று ஏறத்தாழ 3.2 வோல்ட்டில் எரிவதால், மூன்றைத் தொடராக இணைத்தால் 9.6 வோல்ட் போதும். மிஞ்சும் அழுத்தத்தைத் தாங்கி, மின்னோட்டத்தை 20 மில்லி ஆம்பியருக்குள் நிறுத்துவது மின்தடையின் பணி. பேட்டரியின் பெயரில்தான் 12 வோல்ட் நிலையாக இருக்கிறது. ஓய்விலிருக்கையில் 12.6 வோல்ட் காட்டும் அது, சூரியத் தகடு மின்னேற்றும் வேளையில் 14.4 வரை ஏறும். முன்னதற்கு 150 ஓம் சரியாக இருக்கும். ஆனால் அதே தடையில் பின்னைய நிலையில் 32 மில்லி ஆம்பியர் பாயும். சூடேறிய எல்.இ.டி.க்குத் தேவைப்படும் அழுத்தம் குறைவதால் மின்னோட்டம் இன்னும் கூடி, கூடிய மின்னோட்டம் மேலும் சூட்டைத் தர, விளக்கு நாளடைவில் மங்கிப்போகும். எனவே தேர்ந்தவர்கள் 240 ஓம் இட்டு, பேட்டரி இறங்கிய நேரத்தின் மங்கல் ஒளியைப் பொறுத்துக்கொள்கின்றனர்.

மின்னோட்டத்தை நிலையாக வைத்திருக்கும் சிறு மின்னணுச் சுற்றைச் சேர்த்தால் இம்மங்கல் நீங்கும் என்பது மெய்யே. ஆயினும், மலிவான சுற்றுகள் விரைந்து திறந்து மூடும் இயக்கத்தால் எழும் இரைச்சல் மத்திய அலை வானொலியில் கரகரப்பாகக் கேட்பதால், வானொலிப் பற்றுள்ளவர்கள் மின்தடையை விட மறுக்கின்றனர். அது பிடிவாதம் அன்று, நியாயமான தேர்வே.

வாசல் விளக்குக்கு வேறு கணக்கு உண்டு. பூச்சிகள் குறைவாக வர வேண்டி அங்கே வெள்ளைக்குப் பதில் செம்மஞ்சள் எல்.இ.டி. இடப்படுகிறது, அது ஏறத்தாழ 2.1 வோல்ட்டிலேயே எரிவதால், ஒரு தொடரில் ஐந்தைச் சேர்த்து, மின்தடையையும் 200 ஓமாக மாற்றிக்கொள்கின்றனர்.