ஜாமீன் நிற்கும் ஊழியம்

மீஞ்சூரில் சோர்ந்துபோன ஒருவரைத் திடப்படுத்தப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அவருடைய ஷிப்ட். வேத வசனமெல்லாம் அதற்குப் பிறகுதான். ஏ ஷிப்ட் என்றால் விடிவதற்கு முன்பே வேன் வந்து நிற்கும். நைட் ஷிப்ட் என்றால் காலை பத்து மணிக்கு நாம் போய்க் கதவைத் தட்டுவது அவருடைய தூக்கத்தைக் கெடுப்பதில்தான் முடியும். அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்கள், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம், கண்டெய்னர் யார்டுகள், வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். எங்கள் சபைக் குடும்பங்கள் எப்போது சாப்பிடும், எப்போது தூங்கும் என்பதை இவைதான் முடிவு செய்கின்றன. ஒருவர் தொடர்ந்து சில ஞாயிறுகள் ஆராதனைக்கு வரவில்லை என்றால் "பின்மாற்றத்துல போயிட்டாரு" என்று சொல்லிவிடுகிறோம். நேரில் போய்ப் பார்த்தால், காண்ட்ராக்டர் ஞாயிறு டியூட்டி போட்டிருப்பார். வேண்டாம் என்று சொன்னால் அடுத்த வாரம் வேலையே இருக்காது. அந்த மனுஷனுக்கு விசுவாசம் குறையவில்லை, நேரம்தான் இல்லை.

நான் சம்பளம் வாங்கும் ஊழியன் அல்ல. எங்கள் சபையில் வீடு சந்திக்கும் பொறுப்பைப் பல வருடங்களாகச் செய்து வருகிறேன். வேலை போனவர்கள், விபத்தில் கை இழந்தவர்கள், பிள்ளையை அடக்கம் பண்ணியவர்கள், குடியை விட்டுவிட்டு மறுபடியும் விழுந்தவர்கள் என்று எல்லா விதமான வீடுகளிலும் உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஊழியத்துக்கு இனிமையான பேச்சு வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. அவசியமான வரம் வேறொன்று. மற்றவருக்காக நம் பெயரைக் கொடுத்து ஜாமீன் நிற்கத் துணிவதுதான் அது.

இதை நான் கற்றது பர்னபாவிடம். சீப்புரு தீவைச் சேர்ந்த லேவியர் அவர். யோசே என்பது இயற்பெயர். அப்போஸ்தலர் நடபடிகளில் அவர் செய்த பெரிய பிரசங்கம் எதுவும் பதிவாகவில்லை. பதிவாகியிருப்பதெல்லாம் அவர் யார் பக்கத்தில் போய் நின்றார் என்பதுதான். பின்னாளில் பவுல் என்று அழைக்கப்பட்ட சவுல் மனந்திரும்பி எருசலேமுக்கு வந்தபோது சீஷர்கள் எல்லாரும் பயந்தார்கள். பயந்ததில் தவறே இல்லை. நேற்றுவரை வீடு வீடாகப் புகுந்து விசுவாசிகளை இழுத்துக்கொண்டு போனவன் அல்லவா? அந்த நேரத்தில் பர்னபா அவரைக் கூட்டிக்கொண்டு அப்போஸ்தலரிடம் போனார். தமஸ்குவுக்குப் போகும் வழியில் நடந்ததைத் தன் வாயால் எடுத்துச் சொன்னார். சவுல் மறுபடியும் பழையபடி மாறியிருந்தால் பர்னபாவின் பெயரும் சேர்ந்தே கெட்டிருக்கும். அந்த ஆபத்தைத் தன் தலைமேல் ஏற்றுக்கொண்டார் பாருங்கள், அதற்குப் பிறகுதான் சவுலுக்கு எருசலேமில் ஒரு வாசல் திறந்தது. பிற்பாடு அந்தியோகியாவில் வேலை பெருகியபோதும் அவரே தர்சு பட்டணம் வரைக்கும் தேடிப்போய்ச் சவுலை அழைத்துவந்தார். தன்னைவிடப் பெரிய ஆளாக வரப்போகிறவனைத் தானே தேடிப்போய்க் கூட்டிவருவதற்குப் பெரிய மனசு வேண்டும்.

நம் தமிழ்ச் சபை வரலாற்றில் இதற்கு இணையாக நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரை. 1785இல் அவர் திருநெல்வேலிப் பக்கம் வந்தபோது தேவசகாயம் என்பவருடைய மகனைப் பார்த்தார். பையனுக்குப் பதினொரு வயது இருக்கும். அவனுக்குள் ஏதோ இருக்கிறது என்று கண்டு, தகப்பனிடம் கேட்டுத் தன்னோடு தஞ்சாவூருக்கு அழைத்துக்கொண்டு போனார். படிக்கவைத்தார், தரங்கம்பாடிக்கு அனுப்பி மேலும் படிக்கவைத்தார். இருபது வயது ஆவதற்குள் அந்தப் பையன் தஞ்சாவூர்ப் பள்ளியில் தலைமைப் பொறுப்பில் இருந்தான். அவர்தான் வேதநாயகம் சாஸ்திரியார். 1800இல் பெத்லகேம் குறவஞ்சியைத் தந்தவர். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை நாம் பாடும் கீர்த்தனைகளில் எத்தனையோ அவருடையவை. அதே சுவார்ட்ஸ்தான் தஞ்சை இளவரசர் சரபோஜிக்கும் பாதுகாவலராக இருந்தார். 1798இல் சுவார்ட்ஸ் இறந்த பிறகு, மன்னரான சரபோஜி அவருக்காகச் செய்வித்த பளிங்கு நினைவுச் சின்னம் தஞ்சாவூர் ஆலயத்தில் இருக்கிறது.

சுவார்ட்ஸ் செய்ததில் என்னை இழுப்பது, அவர் அந்தப் பிள்ளையைப் பாராட்டியதோடு நிறுத்தவில்லை என்பதுதான். சின்ன வயதிலேயே பொறுப்பைக் கையில் கொடுத்தார். "நல்லா வருவே தம்பி" என்று முதுகில் தட்டிவிட்டுப் போகிறவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. பொறுப்பைக் கொடுத்துவிட்டு, தப்பு நடந்தால் நான் பதில் சொல்கிறேன் என்று நிற்கிறவர்கள் குறைவு. இங்கே இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் சபைக்குள் சாதி வழக்கத்தைக் காக்க வேண்டும் என்று சாஸ்திரியார் வாதாடினார். அது தவறு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நாம் தூக்கிவிடுகிற ஆள் எல்லாவற்றிலும் நாம் நினைத்தபடி வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. அதற்காகத் தூக்கிவிடாமலும் இருக்க முடியாது.

எங்கள் சபையில் ஒரு தம்பி. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், குடியால் குடும்பத்தை இழக்கும் நிலைக்குப் போய்த் திரும்பி வந்தவர். அவருக்கு மைக் செட் பொறுப்பைக் கொடுக்கலாம் என்று நான் சொன்னபோது கமிட்டியில் ஒரு பெரியவர், "அவன் நாளைக்கே குடிச்சிட்டு வந்து நின்னா யாருப்பா பதில் சொல்றது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. "நான் சொல்றேன் ஐயா" என்றேன். அந்தத் தம்பி அதற்குப் பிறகும் விழுந்தார். அந்த வாரம் நானே வயர்களை இழுத்து மாட்டினேன். பொறுப்பை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. இன்றும் அவருடைய போராட்டம் ஓயவில்லை. ஆனால் ஆராதனைக்கு முதல் ஆளாக வருகிறார், மைக்கைச் சரிபார்க்கிறார். பர்னபாவும் இப்படித்தான் நின்றார். மாற்கு என்னும் யோவானுக்காகப் பவுலையே பிரிய நேர்ந்தது அவருக்கு. பம்பிலியாவில் பாதியிலேயே விட்டுப் போனவன் மாற்கு என்று பவுல் சொன்னது பொய்யல்ல. ஆனாலும் பர்னபா அவனைக் கூட்டிக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பல் ஏறினார். பல வருடங்களுக்குப் பிறகு, கடைசி நாட்களில் சிறையிலிருந்து எழுதும்போது, மாற்கு எனக்குப் பிரயோஜனமானவன், அவனை அழைத்துவா என்று தீமோத்தேயுவுக்குச் சொல்லி அனுப்புகிறார் அதே பவுல். இடையில் கடந்த அத்தனை வருடங்களும் பர்னபா காத்திருந்த வருடங்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி நடைமுறை விஷயங்கள்.

துக்க வீட்டில் அவசரப்பட்டு வசனம் சொல்லாதீர்கள். வசனத்துக்கு வல்லமை இல்லை என்று சொல்லவில்லை. இன்னும் அழுது முடிக்காத ஒருவரிடம் அதைச் சொன்னால், அழுகையை நிறுத்து என்பதாகத்தான் அவர் காதில் விழும். யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் தரையில் அவனோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் செய்தது சரி. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. எலியா சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்டுப் படுத்தபோது தேவதூதன் உபதேசம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்கவிட்டான். மறுபடியும் கொடுத்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பக்கத்தில் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறி, கரண்ட் இல்லாமல் ஜனங்கள் தவித்தார்களே, அந்த நாட்களில் தண்ணீர் கேனும் காய்ந்த பாயும் பால் பாக்கெட்டும்தான் ஆறுதலின் செய்தி. ஜெபத்தை நின்றபடியே இரண்டு வரியில் முடித்தோம்.

பாராட்டு என்றால் குறிப்பாக இருக்க வேண்டும். "நீங்க ரொம்ப நல்லவங்க சிஸ்டர்" என்பது அந்த அம்மாவுக்கு ஒரு பயனும் தராது. தான் நல்லவள் அல்ல என்பதற்கு அவர்களிடம் ஆயிரம் காரணம் இருக்கும். "அக்கா, மாமியார் படுத்த படுக்கையா இருந்த அந்த நாள் எல்லாம் நீங்க ஒரு தடவைகூட அவங்களைக் கடிஞ்சு பேசி நான் கேட்கலை. அந்தப் பொறுமை கர்த்தர் கொடுத்தது, நான் கண்ணால பார்த்தேன்" என்று சொல்லிப் பாருங்கள். நடந்ததை நாம் பார்த்திருக்கிறோம் என்பதால் அதை மறுக்க முடியாது. கடவுள் தன் வாழ்க்கையில் வேலை செய்கிறார் என்பதை மனுஷன் தானாகக் காண்பது கடினம். பக்கத்தில் இருக்கிறவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஆப்பரேஷன் தேதி, பிள்ளையின் பரீட்சை, கோர்ட் வாய்தா, நினைவு நாள் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். ஜெபித்துவிட்டு வந்த விஷயத்தைப் பற்றி அடுத்த வாரம் நாமாகவே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நம் ஜெபம் வெறும் மரியாதைக்குச் செய்ததாகிவிடும். எழுதிய நோட்டு நம்மோடுதான் இருக்க வேண்டும். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஒரு வீட்டு ரகசியம் வாட்ஸாப் குழுவுக்குப் போய்விட்டால், அந்த வீட்டுக் கதவு நமக்கு மட்டுமல்ல, சபைக்கே அடைபட்டுப்போகும். நல்ல எண்ணத்தோடு செய்தேன் என்று சொல்லி அதைத் திறக்க முடியாது.

சில சோர்வுகள் ஜெபத்தோடு மருத்துவரும் சேர வேண்டிய சோர்வுகள். தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, செத்துப்போகலாம்போல இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை விசுவாசக் குறைவு என்று நினைத்து உபதேசம் பண்ணக் கூடாது. தனியே விடாமல் கூடவே இருங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுகிறார்கள். அந்த எண் எங்கள் சபை அறிவிப்புப் பலகையில் ஆராதனை நேரத்துக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு சபையிலும் எழுதி வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

மேலே இருந்து கீழே கை நீட்டுகிற உற்சாகம் ஒன்று உண்டு. அதற்கு நான் அஞ்சுகிறேன். 1910 ஜூனில் எடின்பரோ நகரில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், வெள்ளாளன்விளையில் பிறந்த வே.சா. அசரியா பேசினார். அப்போது அவருக்கு வயது 35. மிஷனரிகளின் தியாகத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, இனி எங்களுக்கு வேண்டியது நண்பர்கள் என்று அந்தச் சபையார் முகத்துக்கு நேரே கேட்டார். பலருக்கு அது உறுத்தியது. இரண்டு வருடம் கழித்து, 1912இல், அவரே தோர்ணக்கல்லில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அவர் அன்று வெள்ளைக்காரரிடம் கேட்டதை இன்று எங்களிடம் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் இங்கே வேலைக்கு வந்து, ஒரே அறையில் பத்துப் பேராகத் தங்கியிருக்கும் பிள்ளைகள். அவர்களில் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருப்பவர்களும் உண்டு. கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் போர்வையும் கொடுத்து போட்டோ எடுத்துக்கொள்வதோடு நம் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட்டிருக்கிறோமா? அவர்கள் மொழியில் ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்டிருக்கிறோமா? 2025 செப்டம்பர் 30ஆம் தேதி, எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் திட்டத்தின் கட்டுமானத்தில் இரும்புச் சாரம் சரிந்து வெளிமாநிலத் தொழிலாளர்கள் 9 பேர் இறந்தார்கள். அன்றிரவு முதல், உயரத்தில் வேலை செய்யும் ஒவ்வொரு பையனுக்குள்ளும் ஒரு நடுக்கம் இருந்திருக்கும். அரைகுறை இந்தியில் "சாப்பிட்டியா தம்பி? அம்மாகிட்ட பேசினியா?" என்று கேட்பதற்கு எந்த இறையியல் பட்டமும் தேவையில்லை.

உற்சாகப்படுத்துகிறவர்களையும் ஒருவர் உற்சாகப்படுத்த வேண்டும். ஆயரிடம் எல்லாரும் பாரத்தைக் கொண்டுபோய் இறக்குகிறார்கள். பிரசங்கத்தைப் பற்றிக் குறை சொல்ல மட்டும் போன் செய்கிறார்கள். ஆயரின் மனைவியை "எப்படி இருக்கீங்கம்மா" என்று பதிலுக்குக் காத்திருந்து கேட்கிறவர் யார்? கிராமங்களில் தனியாக ஊழியம் செய்கிறவர்களுக்கு, காணிக்கை இல்லாமல் வெறும் கடிதம் எழுதியிருக்கிறேன். அதை மடித்து வேதாகமத்துக்குள் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ரோமில் சங்கிலியோடு இருந்த பவுலைத் தேடிக் கண்டுபிடித்த ஒநேசிப்போருவைப் பற்றி வேதத்தில் இருப்பது மிகச் சில வசனங்கள்தான். அவர் என்ன பேசினார் என்று அவற்றில் இல்லை. வெட்கப்படாமல் தேடி வந்தார் என்று இருக்கிறது.

அடக்க ஆராதனைக்குத் தெருவே திரண்டு வரும். சாப்பாடு வரும், பந்தல் வரும், மூன்று நான்கு சபைகளின் ஆயர்கள் வருவார்கள். நாற்பது நாள் போனால் வரத்து குறையும். மூன்றாம் மாதம் யாரும் வரமாட்டார்கள். அந்த மூன்றாம் மாதம்தான் அந்த வீட்டாருக்கு உண்மையாகவே தனிமை தொடங்குகிறது. இறந்தவருடைய பெயரை வீட்டில் உச்சரிக்கவும் ஆள் இருக்காது. நாம் போய் அந்தப் பெயரைச் சொன்னால் முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் சபையில் மூன்று மாதத்துக்கு முன்பு துக்கம் நடந்த வீடு எது என்று இப்போதே யோசித்துப் பாருங்கள். இந்த வாரம் அங்கே போங்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அவர்களைப் பேசவிடுங்கள்.