ஆற்றிக் குடிப்பது

எதைக் கொடுத்தாலும் ஆற்றிக் குடிப்பது நம்மவர்களின் பழக்கம். காபி வந்தால் ஆற்றுகிறோம். பால் வந்தால் ஆற்றுகிறோம். மாத்திரை விழுங்க வெந்நீர் கொடுத்தால்கூட, டம்ளருக்கும் டபராவுக்குமாக நாலு தரம் வீசாமல் வாயில் விட்டுக்கொள்ள மனசு வருவதில்லை. பானத்தோடு நின்றோமா? கோபத்தையும் ஆற்றுகிறோம், துக்கத்தையும் ஆற்றுகிறோம். இப்பேர்ப்பட்ட ஜனங்களிடம் விஸ்கி என்று ஒரு வஸ்து வந்து சேர்ந்தால், அதையும் ஆற்றிக் குடித்தால் என்ன என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பாரா?

கேட்டவர் அஞ்செட்டியில் இருக்கும் என் சிநேகிதர். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். அஞ்செட்டிக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் வாங்கி ராகி போட்டிருக்கிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் அவருடைய மாப்பிள்ளை, ஒரு சிங்கிள் மால்ட் புட்டியும் அதன் கழுத்தில் செருகுகிற கண்ணாடி மூக்கு ஒன்றும் வாங்கிக் கொடுத்திருந்தார். மாமனாருக்கு மாப்பிள்ளை விஸ்கி வாங்கித் தருகிற காலம் இது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. அந்த மூக்கின் வழியாக ஊற்றினால் காற்றும் கூடவே கலந்து இறங்குமாம், ருசி கூடுமாம். சிநேகிதர் அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, "இதற்கு ஒரு மூக்கு எதற்கு? வீட்டில் டபரா இருக்கிறதே!" என்றார்.

விஸ்கியைப் பற்றி எழுத உமக்கு என்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்கலாம். மிகவும் சொற்பமான யோக்கியதைதான். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை, யாராவது வற்புறுத்தினால், ஒரு அவுன்ஸ். ஆனால் ருசி பார்க்கிறவனுக்கு நாக்கு மரத்துப் போகாமல் இருப்பதும் ஒரு யோக்கியதை இல்லையா?

அஞ்செட்டியில் உட்கார்ந்து இந்த ஆராய்ச்சி நடத்துவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சென்னை மாகாணத்தில் முதன் முதலாக மதுவிலக்கு வந்த ஜில்லா சேலம். ராஜாஜியின் மந்திரிசபை 1937-ம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி அதைக் கொண்டுவந்தது. ஓசூர் தாலுகா முழுவதும் அப்போது சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. தர்மபுரி பிரிந்தது 1965-ல். கிருஷ்ணகிரி தனி ஜில்லா ஆனது 2004-ல். எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூர் சமஸ்தானம். சட்டம் எல்லைக் கல்லோடு நின்றுவிட்டது. தாகம் நிற்குமா?

இன்னொரு வேடிக்கை, மால்ட் என்ற வார்த்தை. இந்தப் பக்கத்தில் மால்ட் என்றால் ராகி மால்ட்தான். ராகியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, அரைத்தால் குழந்தைக்குக் கஞ்சி. பார்லியையும் அப்படித்தான் ஊறவைத்து முளைகட்டி உலர்த்துகிறார்கள். முளை விடும்போது தானியத்துக்குள்ளே இருக்கிற மாவு சர்க்கரையாக மாறுவதற்குத் தயாராகிறது. அதற்கப்புறம் ஒன்று கஞ்சிப் பானைக்குப் போகிறது. மற்றது புளித்து, வாலையில் வடிந்து, மரப் பீப்பாய்க்குள் போகிறது. சிநேகிதரின் மனைவி புட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மால்ட்தானே அண்ணா, பேரனுக்கும் ஒரு டம்ளர் கரைக்கட்டுமா?" என்று கேட்டார். சிநேகிதர் புட்டியை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

புட்டி பெங்களூர்ச் சரக்கு, அம்ருத். 1948-ல் ஆரம்பித்த கம்பெனி. மைசூர் ரோடில் கம்பிபுராவில் வாலை வைத்திருக்கிறார்கள். 2004 ஆகஸ்டில் இந்த சிங்கிள் மால்ட்டை அவர்கள் முதன் முதலில் விற்பனைக்கு வெளியிட்ட ஊர் பெங்களூர் அல்ல, ஸ்காத்லாந்தில் இருக்கும் கிளாஸ்கோ! திருநெல்வேலியில் போய் அல்வாக் கடை திறந்த மாதிரி. 2010-ம் வருஷத்து விஸ்கி பைபிள் என்ற புத்தகத்தில் ஜிம் மர்ரே என்ற ஆங்கிலேயர், இவர்களுடைய ஃபியூஷன் என்ற ரகம் உலகத்திலேயே மூன்றாவது என்று எழுதினார்.

நம் கேள்விக்குப் பாதி விடை அந்தப் பீப்பாயில் இருக்கிறது. திராட்சை மதுவைத் திறந்து காற்றாட வைப்பதற்கு ஒரு நியாயம் உண்டு. அது புட்டிக்குள் மூச்சு முட்டிக் கிடந்தது. துவர்ப்பும் சில அடைசல் நாற்றங்களும் காற்றுப் பட்டால் கொஞ்சம் தணியும். விஸ்கி அப்படி அடைந்து கிடந்ததல்ல. ஓக் மரத்தின் வழியாகக் காற்று உள்ளே போகிறது, சரக்கு வெளியே ஆவியாகிறது. இப்படி வருஷக்கணக்கில் நடக்கிறது. வெளியே போவதைத் தேவதைகளின் பங்கு என்று அழகாகச் சொல்வார்கள். ஸ்காத்லாந்துத் தேவதைகள் வருஷத்துக்கு நூற்றுக்கு 2 பங்கு எடுத்துக்கொண்டு திருப்தி அடைகிறார்கள். மூவாயிரம் அடி உயரத்தில், நம் வெயிலில், பெங்களூர்த் தேவதைகளுக்கு 10, 12 பங்கு வேண்டியிருக்கிறது. 8 வருஷம் வைத்த ஒரு சரக்குக்குப் பேராசைத் தேவதைகள் என்ற அர்த்தத்தில் கிரீடி ஏஞ்சல்ஸ் என்றே பெயர் வைத்து 2013-ல் விற்றார்கள். இத்தனை வருஷம் காற்று வாங்கிய பண்டத்துக்கு, டபராவில் கால் நிமிஷம் வீசுவது என்ன பெரிய உபகாரம்?

காபியை ஏன் ஆற்றுகிறோம் என்றும் யோசித்துப் பார்த்தேன். சூடு குறைய, அடியில் கிடக்கிற சர்க்கரை கரைய, பாலில் நுரை எழும்ப. விஸ்கியில் சூடும் இல்லை, சர்க்கரையும் இல்லை, பாலும் இல்லை. இருந்தாலும் பரீட்சை செய்யாமல் பேசக் கூடாது என்றார் சிநேகிதர். அந்த அம்மாள் சமையலறையில் மூன்று கிளாஸ் தயார் செய்தார். ஒன்று இருபது நிமிஷம் சும்மா திறந்து வைத்தது. ஒன்று அப்போதே ஊற்றியது. ஒன்று டபராவில் பத்து தரம் ஆற்றியது. எது எது என்பது அவருக்கு மட்டும் தெரியும். "காபிக்கு ஒரு நாளாவது இப்படிப் பரீட்சை வைத்ததுண்டா?" என்று கேட்டுக்கொண்டே கொண்டுவந்து வைத்தார்.

சிநேகிதர் ஆற்றியதைத்தான் உயர்த்தி என்றார். தொண்டையில் கத்தி மாதிரி இறங்கவில்லை, சாது என்றார். சாதுதான். ஆனால் எனக்கு அது வீடு காலி செய்துகொண்டு போனவர்களின் கூடம் மாதிரி இருந்தது. அப்போதே ஊற்றியதில் முதலில் சாராய நெடி மூக்கை அடைத்தது. அது விலகிய பிறகு பழுத்த பழ வாசனை ஒன்று வந்தது. ஆற்றியதில் நெடி போயிருந்தது. அந்தப் பழ வாசனையும் கூடவே போயிருந்தது. லேசான வாசனைகள்தான் முதலில் பறந்து போகும். காரத்தை மட்டும் போகச் சொல்லி, மற்றதை இரு என்று சொல்ல டபராவுக்குத் தெரியாது. நான் பொறுக்கியது சும்மா வைத்திருந்தது. அதில் நெடி தானாக அடங்கியிருந்தது. வாசனை இன்னும் போகவில்லை.

அதைவிடப் பெரிய மாறுதலை ஒரு ஸ்பூன் பச்சைத் தண்ணீர் செய்தது. இதற்கு சாஸ்திரப் பிரமாணமும் இருக்கிறது. ஸ்வீடனில் லினேயஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த இருவர் 2017-ல் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். விஸ்கிக்குப் புகை மணம் கொடுக்கிற குவாயகால் என்ற பொருள், சாராயம் அதிகமாக இருந்தால் உள்ளேயே ஒளிந்துகொள்கிறதாம்; தண்ணீர் சேர்த்து இளக்கினால் மேல் பரப்புக்கு வருகிறதாம். மூக்கு இருப்பது மேலேதானே!

அந்த டபராவை இனிமேல் காபிக்கு எடுக்கப் போவதில்லை என்று அம்மாள் அறிவித்துவிட்டார். ஆராய்ச்சியில் நேர்ந்த ஒரே நஷ்டம் அதுதான் என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது, ராத்திரி ராகிக் காவலுக்குப் போகிற ஆள் திண்ணைக்கு வந்தார். கதிர் பிடித்துவிட்டால் காட்டிலிருந்து யானை இறங்கும். பரண் மேல் விடியவிடிய விழித்திருக்க வேண்டும். சிநேகிதர் தாராள மனசோடு, ஆற்றிய கிளாஸில் மிச்சம் இருந்ததை அவரிடம் நீட்டினார். அவர் ஒரே மடக்கில் விட்டுக்கொண்டு, கிளாஸைத் திருப்பிப் பார்த்தார்.

"எரியவே இல்லீங்களே ஐயா. தண்ணி கலந்துட்டாங்களா?"

நான் யோசிக்காத விஷயம் இது. கடையில் குவார்ட்டர் வாங்கி அங்கேயே பிளாஸ்டிக் டம்ளரில் முடித்துவிட்டுப் போகிறவருக்கு எரிச்சல்தான் நாணயத்தின் அடையாளம். எரிந்தால் கலப்படம் இல்லை. நம் நாட்டில் விஸ்கி என்று விற்பதில் பெரும் பகுதி சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகிலிருந்து வடித்த சாராயத்தை வைத்துச் செய்வது. ஐரோப்பாவில் அதை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. அதில் காரத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன?

ஆற்றினோம் என்று சிநேகிதர் விளக்கினார். காவல்காரர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஆத்தினா அதுல இருக்கற கெட்டதும் போயிருங்களா?"

கர்நாடகத்தில் 2007 ஜூலையில் சாராயக் கடைகளை மூடினார்கள். அடுத்த மே மாதம், 2008-ல், எல்லைக்கு இரண்டு பக்கத்திலும் கள்ளச் சாராயம் குடித்து 150 பேருக்கு மேல் மாண்டார்கள். கிருஷ்ணகிரி ஜில்லாவிலும் சாவு விழுந்தது. அவருடைய தம்பி அதில் ஒருவன்.

"போகாது" என்றேன். மெதனால் என்கிற அந்த விஷம் மணத்திலும் எரிச்சலிலும் நல்ல சாராயம் மாதிரியேதான் இருக்கும், நாக்கு கண்டுபிடிக்காது, குடித்துச் சில மணி நேரம் கழித்துத்தான் கண்ணைப் பிடிக்கும் என்று சொன்னேன். இரண்டும் ஒன்றோடொன்று கரைந்து கிடப்பவை. எத்தனை தரம் வீசி ஆற்றினாலும் பிரியாது.

"அவன் ஆத்தித்தானுங்க குடிச்சான். ஆத்தினா ஒண்ணும் ஆகாதுன்னு எவனோ சொன்னானாம்."

கிளாஸைத் திண்ணையில் வைத்துவிட்டு, டார்ச்சையும் தகரத்தையும் எடுத்துக்கொண்டு வயலுக்கு இறங்கிப் போனார்.