கடல்பாசியும் மாமியின் முழங்காலும்

நோன்பு மாதத்தில் எங்கள் மேலப்பாளையத்துக்கு வந்தீர்களானால், கஞ்சியோடு ஒரு துண்டு கடல்பாசியும் உங்களுக்குக் கிடைக்கும். கொதிக்கும்போது தண்ணீராக ஓடுவது, ஆறியதும் தட்டில் கட்டியாக நிற்கும். பாசி ஒரு பிடிதான், மீதியெல்லாம் நீர்! இப்படி நீரைத் தன்னுள் பிடித்து வைக்கும் ஜெல்லிக்கு விஞ்ஞானிகள் 'ஹைட்ரோஜெல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு எதற்கு இந்த விஞ்ஞானம் என்கிறீர்களா? எல்லாம் மாமியின் முழங்காலால் வந்தது. நாற்பது வருஷம் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றியவர். 'ஜெல் ஊசி' போட்டால் தேய்ந்த குருத்தெலும்பு புதிதாக வளர்ந்துவிடும் என்று யாரோ ஆசை காட்டிவிட்டார்கள். "ஏளா, என் வளையலை வித்துருவோமா?" என்றார்.

விசாரித்துப் பார்த்தேன். குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது. தேய்ந்தால் தானாக வளர்வது அரிது. அதன் ஜீவ அணுக்களைத் தட்டில் பரப்பி வளர்த்தால் பெருகுகின்றன. ஆனால் தங்கள் சுபாவத்தையே மறந்துவிடுகின்றன! 1982-ல் அமெரிக்காவில் பென்யா, ஷாஃபர் என்ற இருவர் அவற்றை அகரோஸ் ஜெல்லிக்குள் குடிவைத்தார்கள். பழையபடி குருத்தெலும்புச் சத்தைச் சுரக்கத் தொடங்கினவாம். அந்த அகரோஸ், நம் கடல்பாசியைச் சுத்தம் செய்து எடுப்பதுதான்!

ஆக, ஜெல்லியின் வேலை ஜீவ அணுவுக்கு இருக்க வீடு கொடுப்பது. அந்த வீட்டை ஊசி வழியே மூட்டுக்குள் அனுப்ப முடியுமா? 2000-ல் கனடாவில் ஒரு வழி கண்டார்கள். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானோடு ஓர் உப்பைச் சேர்த்தார்கள். குளிர்ச்சியில் திரவம், தேகத்தின் 37 டிகிரி சூட்டில் ஜெல்லி! கடல்பாசிக்கு நேர்மாறு. கொச்சி அமிர்தாவிலும் ஓட்டுச் சத்திலிருந்து ஊசி ஜெல்லி செய்யும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ஆனால் சிக்கல் இல்லாமல் இல்லை. புதுத் திசு வளர வளர, ஜெல்லி வீடு அதே வேகத்தில் கரைய வேண்டும். அதுவரை நடக்கும் பாரத்தையும் தாங்க வேண்டும்.

இப்போது மூட்டில் சாதாரணமாகப் போடும் ஜெல் ஊசி இதுவல்ல. அது ஹயலூரானிக் அமிலம், வழுவழுப்புக்காகப் போடுவது. சிலருக்குச் சில மாதம் வலி குறையலாம், தேய்ந்ததை வளர்க்காது. உங்கள் வீட்டிலும் யாராவது இந்த ஊசிக்குப் புறப்பட்டால், "இது வலிக்கா, வளர்ச்சிக்கா?" என்று வைத்தியரிடம் முதலில் கேளுங்கள்.

வளையல் மாமியின் கையிலேயே இருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அப்போ இந்தக் கடல்பாசியைத் தின்னா முழங்கால் வளராதாளா?"

"வயித்துக்குப் போனது வயித்தோடு சரி, மாமி" என்றேன்.

"சரி, இன்னொரு துண்டு வை" என்றார்.